பம்பைக்காரருக்கு ஒரு கோட்டு

மும்பையிலிருந்து அந்தப் பெண் போன் செய்தபோது நான் கண்டமங்கலத்தில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை எனக்கு. அன்று சர்க்கரை, பிரஷர்காரர்கள் வரும் நாள். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. தெரியாத நம்பர் என்பதால் இரண்டு தடவை கட் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்து, லோன் எதுவும் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் ஆங்கிலத்தில், மிக மெதுவாக, என் கணவரின் பெயரைச் சொல்லி, அவருடைய மனைவிதானே என்று கேட்டாள். அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு அந்நியக் குரல் அவர் பெயரை முழுசாகச் சொல்லிக் கேட்டதும், கையிலிருந்த மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும்.

விஷயம் இதுதான். இசைத்துறைக்கென்று தேசிய அளவில் ஒரு விருது விழா தொடங்கி அப்போது மூன்றாவது வருடம். அந்த வருடம் இறந்துபோன இசைக்காரர்களின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி அஞ்சலி செலுத்துவார்கள். முந்தைய வருடம் பெரிய பாடகர்களை மட்டும் காட்டிவிட்டார்கள் என்று குறை வந்ததாம். அதனால் இந்தத் தடவை வாத்தியம் வாசித்தவர்களையும் சேர்க்கிறார்கள். சென்னையில் வாத்தியக்காரர்கள் சங்கம் கொடுத்த பட்டியலில் இவர் பெயரும் இருந்திருக்கிறது.

"ஒரு போட்டோ வேண்டும். அவர் மட்டும் இருக்க வேண்டும், கேமராவைப் பார்க்க வேண்டும், மாலை போட்ட படம் வேண்டாம். வாசிக்கிற மாதிரி இருந்தால் ரொம்ப நல்லது. மூன்று விநாடி வரும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா?" என்றாள்.

முடியும் என்றேன். மூன்று விநாடியா என்று கேட்கவில்லை. மூன்று விநாடி எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது.

என் கணவர் பம்பை வாசிப்பவர். இரண்டு மேளத்தை ஒன்றாகக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிப்பது. அம்மன் கோயிலில் சாமி அழைக்க அந்தச் சத்தம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எதுவும் நடக்காது. ஆடி மாதம் அவரைக் கையில் பிடிக்க முடியாது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊரெல்லாம் அவரைக் கூப்பிடும். மற்ற மாதங்களில் சென்னையில் யாராவது இசையமைப்பாளருக்குத் திடீரென்று கிராமத்து அடி ஒன்று தேவைப்படும். பம்பையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு காலை ரயிலில் போய்விட்டு, வாசித்துவிட்டு, பொழுதோடு திரும்பி வந்துவிடுவார்.

நான் அவரைக் காதலித்துத்தான் கட்டிக்கொண்டேன். இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து சொல்லப்போவதைக் கேட்டு என்னை வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் அப்பா, அவர் அப்பா இரண்டு பேருமே அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியவர்கள். நான் படித்தேன், வேலை கிடைத்தது. அரசாங்கச் சம்பளம் வந்தபோது கூடவே ஒரு கூச்சமும் வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று டாக்டரம்மா கேட்டால், "சென்னையில மியூசிக் லைன்ல இருக்கார் மேடம்" என்பேன். கீபோர்டா, வயலினா என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு ஆடியில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு நாலு தெரு தள்ளிக் கூழ் ஊற்றும் திருவிழா. வாசிக்க வந்தது இவர்தான். மேல்சட்டை இல்லாமல், மஞ்சள் வேட்டியோடு, நெஞ்செல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக எங்கள் நிலையத்து வாசல் வழியாகத்தான் ஊர்வலத்தில் போவார். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தவர் கேட்டார். "உடம்பு எதுனா சரியில்லியா? உன்ன எங்கியும் காணலியே."

"தலைவலி" என்றேன்.

அவர் போய்க் குளித்தார். தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும். இருபது வருடம் கூட இருந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கும்.

அந்த விருது விழாவின் முதல் வருடத்தை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். சிறந்த பாடலுக்கான போட்டியில் இருந்த ஒரு பாட்டின் ஆரம்பத்தில் வரும் பம்பை இவர் அடித்தது. முதல் வருடம் என்பதால் எல்லாமே அரைகுறையாக இருந்தது. மைக் கத்தியது, ஒருவர் பரிசை வேறு ஒருவர் வந்து வாங்கினார், தொகுப்பாளர் பாட்டின் பெயரையே மாற்றிச் சொன்னார். கடைசியில் அந்தப் பாட்டுக்குத்தான் பரிசு. மேடைக்கு இசையமைப்பாளர் நடந்து வரும்போது அந்தப் பம்பைச் சத்தம் அரங்கம் முழுக்க ஒலித்தது. இவர் எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"தோ, இது நான் அடிச்சது. கேட்டியா? கேளு, கேளு."

"உங்க பேர எங்கயும் சொல்லலியே" என்றேன். வேண்டுமென்றே குத்திக்காட்டித்தான் சொன்னேன்.

"பேரு கெடக்குது போ. சத்தம் வந்துக்கினு இருக்குதுல்ல?" என்றார். முகத்தில் துளி வருத்தம் இல்லை. எனக்குத்தான் எரிச்சல்.

இப்போது அதே விழாவில் அவர் பெயர் வரப்போகிறது. போட்டோதான் இல்லை. அவர் போனைத் திறந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் படங்கள்; எல்லாம் என்னையும் பெண்ணையும் அவர் எடுத்தவை. அவர் இருக்கும் படங்களில் யாருக்காவது பின்னால் நிற்கிறார், அல்லது குனிந்திருக்கிறார். கல்யாண ஆல்பத்தில் நெற்றி முழுக்கப் பட்டம் கட்டி, கண்ணே தெரியவில்லை. புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண், வீட்டுக்கு வந்ததும், "அத்த வீட்டு செவுத்துல ஒண்ணு மாட்டியிருக்கும்மா. அதுல அப்பா சூப்பரா இருப்பாரு" என்றாள்.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு இருவரும் திண்டிவனத்துக்குப் போனோம். அங்கே அவருடைய அக்கா இருக்கிறார். எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் படம் மாட்டியிருந்தது. நானும் முன்பே பார்த்ததுதான், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன். ஏதோ திருவிழாவில் புதுச்சேரியிலிருந்து வந்த யாரோ எடுத்து, பெரிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தது. இடுப்பில் பம்பை. வெற்று மார்பில் மஞ்சள் வியர்வையோடு கரைந்து வழிகிறது. வாய் பாதி திறந்திருக்கிறது. கண் நேராக நம்மைப் பார்க்கிறது.

அண்ணி அதைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "எத்தினி பேர் வந்து கேட்டாங்க தெரியுமா, குடுக்கல. நீ எடுத்துக்கினு போம்மா. எந் தம்பிய ஊரு ஒலகமே பாக்கட்டும்."

நான் அதைக் கையில் வாங்கவில்லை. "சட்டை போட்ட மாதிரி எதுனா இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. படத்தை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து, தன் மகன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் கடைசி வரிசையில், சட்டை போட்டுக்கொண்டு, சற்றே இடது பக்கம் திரும்பி, இவர் நின்றிருந்தார்.

பஸ்ஸில் பெண் கேட்டாள். "அவங்களே வாசிக்கிற மாதிரி கேட்டாங்கன்னு நீதானம்மா சொன்ன. அப்புறம் ஏன்?"

"அங்க வர்றவங்க எல்லாம் கோட்டு சூட்டுல உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி அப்பா ஒடம்பக் காட்டிக்கினு நிக்கணுமா?"

"அப்பா எப்பவும் அப்படித்தானே வாசிச்சாரு."

"நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது" என்றேன். விழுப்புரம் வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

விழுப்புரத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கும் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. இறந்தவர் முகத்தை மட்டும் வெட்டி ஒரு கோட்டின் மேல் பொருத்திக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் யார் செத்தாலும் கோட்டு போட்டுக்கொண்டுதான் மூலைக்கு மூலை நிற்பார்கள். மூட்டை தூக்கியவர், ஏர் ஓட்டியவர், எல்லாரும். அந்தக் கடைக்காரர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் தலை இல்லாத கோட்டுகள் வரிசையாக வந்தன. கறுப்பு, நீலம், சாம்பல். நான் நீலத்தைக் காட்டினேன்.

"டை செவப்பு போட்டுடலாமா மேடம்? எடுப்பா இருக்கும்."

"போடுங்க."

"ஃபேஸ் கொஞ்சம் டார்க்கா இருக்குது. லைட்டா பிரைட் பண்ணிடவா?"

"பண்ணுங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான்.

முகம் திரும்பியிருந்ததால் கோட்டின் கழுத்து சரியாகப் பொருந்தவில்லை. அந்த மனுஷர் இழுத்து, தேய்த்து, ஒருவழியாக ஒட்டவைத்தார். இடது தோளில் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு போக மறுத்தது. பரவாயில்லை, தெரியாது என்றார். மும்பைப் பெண்ணுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது. வாசிக்கிற மாதிரி எதுவும் இல்லையா, இது கொஞ்சம் செயற்கையாகத் தெரிகிறதே என்று கேட்டிருந்தாள். அப்படி எதுவும் இல்லை என்று எழுதினேன். என் வாழ்க்கையில் இத்தனை சுத்தமான பொய்யை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரடி ஒளிபரப்பு. அண்ணி திண்டிவனத்திலிருந்து வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். என் கூட வேலை செய்யும் நர்ஸ் இரண்டு பேரை நானே கூப்பிட்டிருந்தேன். இந்தத் தடவை மைக் கத்தவில்லை. மூன்றாவது வருடத்துக்குள் எல்லாம் பளபளப்பாகியிருந்தது. யார் யாரோ ஆடினார்கள், பாடினார்கள், பரிசு வாங்கினார்கள். பிறகு விளக்கைக் குறைத்து, ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் ஒலிக்க, படங்கள் வரத் தொடங்கின.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாடகி. கைதட்டல். அடுத்து ஒரு வயலின்காரர்; பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து வடக்கே எங்கோ டோலக் வாசிக்கும் ஒருவர், அவர் உடம்பில் சட்டையே இல்லை, கழுத்து நரம்பு புடைக்க அடித்துக்கொண்டிருந்தார். ஒற்றைத் தந்தி வாத்தியத்தோடு ஒரு கிழவர், தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடந்தது. அரங்கத்தில் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் அவர்களுக்காக எழுந்து நின்றிருந்தார்கள். நிறுத்த முடியுமானால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பேன்.

பிறகு அவர் வந்தார். நீலக் கோட்டு, சிவப்பு டை, வெளுத்த முகம். கீழே ஆங்கிலத்தில் அவர் பெயர், தாள வாத்தியக் கலைஞர், தமிழ்நாடு. கிழவருக்குத் தட்டிய கை இன்னும் ஓயவில்லை. அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

நர்ஸ்கள் கைதட்டினார்கள். "சார் செம ஸ்மார்ட்டா இருக்காருக்கா" என்றாள் ஒருத்தி. பெண் எழுந்து சமையலறைக்குள் போனாள். அண்ணி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தடுத்து யார் யாரோ வந்து போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "நல்லாத்தாம்மா இருக்கான். ஆபீசராட்டம்" என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் அந்த மும்பை நம்பருக்கு அடித்தேன். விழாவின் வீடியோவை இணையத்தில் போட்டிருந்தார்கள். அதிலாவது படத்தை மாற்ற முடியுமா என்று கேட்கலாம் என்று. அந்த வாரத்துக்கென்று எடுத்த நம்பர் போல, உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மெயிலும் போட்டுப் பார்த்தேன். பதில் இல்லை.

வீடியோ இன்னும் இருக்கிறது. பெண் ஒருமுறைகூட அதைத் திறந்ததில்லை. என்னை அதற்காக ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. ஒருநாள் நானே அவளிடம், அப்பாவைப் பார்த்து வெட்கப்பட்டதை, லீவு போட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. ஊரே திரண்டு வந்து பார்த்த அந்த மூன்று விநாடியில் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது தோளில் அந்த வெள்ளைக் கோடு தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தது.