லேபிள் இல்லாத பேணி

நோர்வேயின் குரோருட்டில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் அனஸ்ரேசியா இருக்கிறார். பதினேழு வருடங்களாக எனக்கு அவரைத் தெரியும். தேவாலயத்தின் தமிழ்ப் பூசையில், பாடகர் குழுவில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். இந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனா நான் அழுதனான் எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

அவர் அழுதது ஒரே ஒரு தடவைதான். அதையும் எழுதத்தான் போகிறேன்.

மன்னாரிலிருந்து பத்தொன்பது வயதில் நோர்வேக்கு வந்தவர். முதல் பத்து வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினார். பிறகு மொழி படித்து, சிறுவர் பராமரிப்பில் சான்றிதழ் எடுத்து, பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் தாயை விட்டுப் பிரிய மறுத்துக் கத்துகிற பிள்ளையை அங்கே எல்லோரும் அவரிடம்தான் கொடுப்பார்கள். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லமாட்டார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்கு வேலையைச் செய்வார். பத்து நிமிடத்தில் பிள்ளையும் கூடச் சேர்ந்து கோப்பை அடுக்கும்.

நாற்பத்தாறு வயதில் அவருக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் வந்தது. பகலில் சமாளிக்கலாம். இரவில் இடது கால் மரக்கட்டை போல் விறைத்து, பிறகு தானாக உதறும். கணவர் அருளானந்தன் எழும்பி அந்தக் காலைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருப்பார். விடிந்ததும் இருவரும் தூக்கமில்லாமல் வேலைக்குப் போவார்கள். வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகள் ஒன்று மாற்றி ஒன்று தோற்றன. ஒரு குளிசையால் பகலெல்லாம் தலை சுற்றி, சமையலறையில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார்.

கடைசியில் நரம்பு வைத்தியர், கஞ்சாவை மருந்தாக எழுதித் தர விண்ணப்பிக்கலாம் என்றார். அனஸ்ரேசியா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

"கஞ்சாவோ? நான் பிள்ளைகளோட வேலை செய்யிறன், டொக்டர்!"

வைத்தியர் சிரிக்கவில்லை. வேலை முடிந்து, இரவு படுக்கைக்கு முன் மட்டும். சிறு கருவியில் ஆவியாக்கி இழுக்க வேண்டும். கார் ஓட்டக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அனஸ்ரேசியா கார்ச் சாவியை அருளானந்தனிடம் கொடுத்துவிட்டு ரயிலில் போய்வரத் தொடங்கினார். மருந்து எடுத்த இரண்டாம் கிழமை ஒரு நாள் விடியும்வரை நித்திரை கொண்டார். அருளானந்தன் பயந்துபோய் அவர் மூச்சு விடுகிறாரா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தாராம்.

ஆனால் இதை வெளியில் யாருக்கும் அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அடிக்கடி சாம்பிராணி மணக்கும். பக்தி கூடிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

போன பங்குனியில் அவருக்கு ஒரு நல்ல செய்தி வந்தது. பக்கத்தில் புதிதாகத் திறக்கும் பாலர் பள்ளியில் நிரந்தர வேலை. அதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ் ஒன்று புதிதாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்.

அப்படிக் காத்திருந்த ஒரு சனிக்கிழமை, ட்ராமன் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டில் இரவு தங்குவதாக ஏற்பாடு. ஒரு இரவுக்குத் தேவையான மருந்தை மட்டும் எடுத்து, இனிப்பு வந்த ஒரு சின்னத் தகரப் பேணியில் போட்டுக் கைப்பையில் வைத்தார். மருந்தகம் கொடுத்த பெட்டியில் அவருடைய பெயரும் மருந்தின் பெயரும் பெரிதாக ஒட்டியிருக்கும். தங்கையின் பிள்ளைகள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்.

போகிற வழியில் குறொன்லாண்ட் கடைத்தெருவில் இறங்கி முருங்கைக்காயும் கருவேப்பிலையும் வாங்கினார். கடையை விட்டு வெளியே வரும்போது எதிரே இரண்டு பொலிஸார் நடந்து வந்தார்கள். ஒருவர் இளைஞர், மற்றவர் இளம் பெண். கைப்பைக்குள் முருங்கைக்காய் அமுக்கிப் பேணியின் மூடி கழன்றிருந்தது அனஸ்ரேசியாவுக்குத் தெரியாது. இளைஞர் நின்றார்.

"மன்னிக்க வேண்டும். உங்கள் பையிலிருந்து கஞ்சா மணக்கிறது. உங்களிடம் இருக்கிறதா?"

இல்லை என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. "இருக்கிறது. அது என் மருந்து."

பேணியை எடுத்துக் கொடுத்தார். தொலைபேசியைத் திறந்து மருந்துச்சீட்டையும் காட்டினார். இளைஞர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"சீட்டு இருக்கிறது, சரி. ஆனால் இந்தப் பேணிக்குள் இருப்பதுதான் அந்த மருந்து என்று எனக்கு எப்படித் தெரியும்? இதில் உங்கள் பெயரும் இல்லை, மருந்தகத்தின் பெயரும் இல்லை."

அவர் கேட்டதில் பிழை இல்லை என்பது அனஸ்ரேசியாவுக்கு விளங்கியது. கடைக்குப் போகிறவர்கள் பைகளோடு விலகி நடந்தார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

சிறிய அளவு என்பதால், தண்டப்பணத்தை ஏற்றுக் கையொப்பமிட்டால் விஷயம் இங்கேயே முடிந்துவிடும் என்று இளைஞர் விளக்கினார். ஏற்காவிட்டால் பொலிஸ் நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"அந்த நேரம், கையெழுத்தை வைச்சிட்டு ஓடு எண்டு உடம்பு முழுக்கக் கெஞ்சினது" என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் கையொப்பமிட்டால் குற்றம் செய்தேன் என்று தானே எழுதிக் கொடுத்ததாகும். அது நற்சான்றிதழில் வருமா வராதா என்று அவருக்குத் தெரியாது. வராவிட்டாலும், செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று எப்படி எழுதுவது?

"நான் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றார். "நான் ஒரு பிழையும் செய்யவில்லை."

"அது உங்கள் உரிமை" என்றார் இளைஞர். குரலில் கோபம் இல்லை.

இதற்குள் அவருடைய இடது கால் விறைக்கத் தொடங்கியிருந்தது. நிலையம் நடந்து போகிற தூரம்தான். ஆனாலும் அந்தப் பெண் பொலிஸ் அவர் நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டுக் காரை வரவழைத்தார். முழங்கையைப் பிடித்து ஏற்றியும் விட்டார். கார்க் கதவு மூடும்போது அனஸ்ரேசியா மறுபக்க நடைபாதையைப் பார்த்தார். அங்கே தோளில் அரிசி மூட்டையோடு வின்சென்ற் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கும் அதே வின்சென்ற்.

"முடிஞ்சுது" என்று அனஸ்ரேசியா நினைத்தார்.

நிலையத்தில் அவரை விசாரித்தவர் பெரித் என்ற நடுத்தர வயதுப் பெண் அதிகாரி. எந்த வைத்தியர், எந்த மருந்தகம், எப்போது எடுப்பீர்கள், எவ்வளவு என்று நிதானமாகக் கேட்டு எழுதினார். மருந்தகத்துக்கு அழைத்தார். நோயாளியின் சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்று அங்கிருந்து பதில் வந்ததும் தொலைபேசியை அனஸ்ரேசியாவிடம் நீட்டினார். அவர் பிறந்த தேதியைச் சொல்லிச் சம்மதம் கொடுத்தார். மருந்தாளர் எல்லாவற்றையும் உறுதிப்படுத்தினார்.

"இனி அந்தப் பெட்டியை லேபிளோடு பார்த்தால் நல்லது" என்றார் பெரித். "வீட்டில் யாராவது இருக்கிறார்களா?"

அனஸ்ரேசியா கணவரை அழைத்தார்.

"இஞ்சருங்கோ, நான் பொலிஸில நிக்கிறன்."

"என்ன? கைப்பையை ஆரும் பறிச்சுப் போட்டினமோ?"

"இல்லையப்பா, மருந்தால. குளியலறை அலுமாரியில இருக்கிற பெட்டியை ஒருக்காக் கொண்டு வாங்கோ. டொக்டரின்ர கடிதத்தையும்."

அருளானந்தன் குரலைத் தாழ்த்தினார்.

"அதை நான் என்னெண்டு கொண்டு வாறது? வழியில என்னையும் பிடிச்சா?"

கணவர் என்ன சொல்கிறார் என்று பெரித் கேட்டார். அனஸ்ரேசியா மொழிபெயர்த்தார். பெரித் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார். "நேரே இங்கே வாருங்கள். யாராவது மறித்தால் எனக்கு அழைக்கச் சொல்லுங்கள்" என்று தன் இலக்கத்தைக் கொடுத்தார்.

ஐம்பது நிமிடத்தில் அருளானந்தன் வந்து சேர்ந்தார். கோயிலுக்குப் போடுகிற கறுப்புக் கோட். இரண்டு கையாலும் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். மேலே வைத்தியரின் கடிதம். பூசையில் காணிக்கை கொண்டு வருகிறவர்கள் நடப்பார்களே, அப்படியே நடந்து வந்தாராம். ரயிலில் இடம் இருந்தும் அவர் இருக்காமல் நின்றே வந்தார்.

"எல்லாரும் என்னையே பார்த்தினம்" என்றார்.

"ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டினம்" என்றார் அனஸ்ரேசியா.

பெரித் லேபிளில் இருந்த இலக்கத்தை மருந்தகம் சொன்ன இலக்கத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான். பேணியையும் பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது உங்கள் மருந்து, கொண்டு போங்கள். பேணியை மட்டும் இப்போதைக்கு வைத்திருக்க வேண்டும். பொலிஸ் சட்டத்தரணி பார்த்து முடிவை எழுதுவார். இனிமேல் வெளியே போனால் மருந்தகத்தின் பெட்டியிலேயே கொண்டு போங்கள். ஏன் வேறொன்றில் போட்டீர்கள்?"

"வெட்கத்தில்" என்றார் அனஸ்ரேசியா. அந்த ஒரு சொல்லோடு அழத் தொடங்கிவிட்டார். அருளானந்தன் என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பெரித் கண்ணீர் துடைக்கக் காகிதம் கொடுத்தார்.

அழுது முடிந்ததும் அனஸ்ரேசியா நற்சான்றிதழைப் பற்றிக் கேட்டார். "முடிவு வரும் முன் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் பெரித். "ஆனால் நீங்கள் சொன்னதும் மருந்தகம் சொன்னதும் பொருந்துகிறது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன்."

அன்று இரவு வின்சென்ற்றிடமிருந்து மூன்று அழைப்புகள். அனஸ்ரேசியா எடுக்கவில்லை. அடுத்த பயிற்சிகளுக்கும் வரவில்லை. நான் கேட்டதற்குத் தடிமன், மூக்கடைப்பு என்றார்.

பதினோராம் நாள் பொலிஸாரின் கடிதம் வந்தது. பாலர் பள்ளியில் சிறு பிள்ளைகள் நித்திரை கொள்கிற நேரம். ஈர உடுப்புகள் காயப்போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியில் திறந்தார். குற்றம் எதுவும் நடந்ததாகக் காணப்படவில்லை, விஷயம் கைவிடப்படுகிறது என்று எழுதியிருந்தது. மூன்று முறை வாசித்தார். பிறகு வெளியே போய், ஊஞ்சலில் இருந்த ஒரு பெண் பிள்ளையை வழக்கத்தை விட உயரமாகத் தள்ளினார். "இன்னும்! இன்னும்!" என்று அது கத்தியது.

நற்சான்றிதழும் ஒரு கிழமையில் வந்தது. அதில் ஒரு குறிப்பும் இல்லை. ஆனாலும் அவர் புதிய பாலர் பள்ளியின் தலைவியிடம் போய், தன் நோயையும் மருந்தையும் நடந்ததையும் தானாகவே சொன்னார். "வேலை நேரத்தில் நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்" என்றார் தலைவி. "நலமாக இருக்கிறேன்" என்றார் இவர். சித்திரையில் வேலை தொடங்கியது.

வின்சென்ற்றைச் சந்திப்பதுதான் மிச்சம். நற்சான்றிதழ் வந்த கிழமை வெள்ளி மாலை அனஸ்ரேசியா பயிற்சிக்கு வந்தார். வின்சென்ற் கீபோட்டை விட்டு எழும்பி நேரே அவரிடம் வந்தார்.

"அக்கா, கால் இப்ப எப்பிடி? அண்டைக்கு உங்களைப் பொலிஸ்காரி பிடிச்சுக் காரில ஏத்தினதைப் பார்த்தனான். எங்கையோ விழுந்திட்டியள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகினம் எண்டு நினைச்சன். போன் அடிச்சா எடுக்கிறியள் இல்லை."

அனஸ்ரேசியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று கிழமையாக அவர் பயந்த பேச்சு எங்கும் எழவே இல்லை. ஓம், விழுந்திட்டன் என்று சொன்னால் போதும். அதோடு முடிந்துவிடும்.

"நான் விழேல்லை" என்றார். "கஞ்சா வைச்சிருந்ததுக்குக் கொண்டு போனவை."

பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தோம். பிறகு அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்து, இரவில் உதறுகிற காலிலிருந்து அருளானந்தன் ரயிலில் நின்று வந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் வாய் திறந்தது வின்சென்ற்தான். "அது தொண்டைக்கு ஒண்டும் செய்யாதோ, அக்கா?"

"என்ர தொண்டை நல்லாத்தான் இருக்கு. நீர்தான் போன பூசையில பிழையான சுருதியில வாசிச்சனீர் எண்டு கேள்வி."

வின்சென்ற் தலையைச் சொறிந்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் முழங்கால் வலிக்கும் அது கேட்குமா என்று விசாரித்தார். அதை டொக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றார் அனஸ்ரேசியா. அன்று பயிற்சி அரை மணி நேரம் பிந்தித்தான் தொடங்கியது.