கரண்டியின் முதுகில் ஒரு முகம்

சா ஓக்பூன் எழுத்தில் கெட்டிக்காரி. மறக்காமல் இருப்பதில் அதைவிடக் கெட்டிக்காரி.

கேசோங் ஊரில் மருந்து வேர் வியாபாரி ஒருவரின் சின்ன வீட்டுக்குப் பிறந்தவள். படித்து, சியோலில் பெண்கள் பள்ளி ஆசிரியை ஆனாள். முதல் நாவல் வந்த வருஷம் பியோன் கிதேக் என்ற விமர்சகன் அவளைப் பெண் கேட்டான். மாட்டேன் என்றாள். அந்த மகானுபாவன் உடனே ஒரு கதை எழுதினான்: சின்ன வீட்டு மகள், ஆசிரியை, பகலுக்கு ஒருவன், ராத்திரிக்கு ஒருவன். பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தான். பள்ளியில் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டாள். போதாக்குறைக்கு விமர்சனத்தில் அவள் நாவலையும் கிழித்தான்: ‘ஒருத்தி சன்னலருகே நின்று யோசிக்கிறாள். வேறு எதுவுமே நடப்பதில்லை.’

ஓக்பூன் பதில் எழுதவில்லை. துணி தைத்து வயிற்றைக் கழுவினாள். உள்ளே நெருப்பு அணையவே இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாளிதழ் அவளிடம் தொடர்கதை கேட்டது. எழுதினாள். பெயரில்லாத ஒருவன், அவன் மனதில் ஓடும் நினைப்பு, அவ்வளவுதான் கதை. சூப்புக் கடையில் உட்கார்ந்ததும் கரண்டியின் முதுகில் முகம் பார்த்து வகிடு சரிசெய்வான். அது கிதேக்கின் பழக்கம் என்று ஜோங்னோ தெரு முழுக்கத் தெரியும். தொடர் வந்த பிறகு கிதேக் கரண்டியை எடுத்தாலே கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அரிசி ஆலை முதலாளி வீட்டில் அவனுக்குப் பெண் பேசினார்கள். அங்கே சூப்பு வைத்தார்கள். கரண்டியைத் தொடப் பயந்து, கிண்ணத்தைத் தூக்கி மடக்கென்று குடித்தான். பெரியவர் முன்னால் அப்படிக் குடிப்பார்களா? பெண்ணின் அப்பா முகம் சுளித்தார். பெண் பாவாடையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் கிதேக் ஓக்பூன் வாசலில் நின்றான்.

“அம்மா, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். உங்க கதையில வர்ற அந்த ஆளக் கொன்னுடுங்க. டிராம்ல அடிபட்டுச் சாகட்டும். பொண்ணு வீட்டுல இன்னும் பதில் சொல்லல. இந்தக் கல்யாணமும் போச்சுன்னா நான் தெருவுல தலைகாட்ட முடியாது.”

“எங்கம்மா தலைகாட்டி எத்தன வருஷமாச்சு, தெரியுமா?”

அவன் தலை குனிந்தான். “தப்புதான்.”

ஓக்பூன் தைத்துக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இந்தச் சொல்லைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கேட்டும் மனசு இரங்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

“விமர்சகரய்யா, என் கதையில எதுவுமே நடக்காதுன்னு நீங்கதான எழுதினீங்க? அப்புறம் டிராம் எப்படி வரும்? அவருக்கு ஆயுசு கெட்டி. பத்திரிகை இருக்கற வரைக்கும் இருப்பாரு.”

அடுத்த நாள் தொடரில், அந்தப் பெயரில்லாதவன் ஒரு தையல்காரியின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தி முழுக்க நின்றான். வேறு எதுவுமே நடக்கவில்லை.