லேபிள் போகாத பாட்டில்

“இந்த வருஷம் வைன் கிடையாது சம்பந்திமா. போடுற ஆளே போயிட்டாரு, இனிமே எதுக்கு?” என்று என் மகளின் மாமியார் போனில் சொன்னபோது நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அவர்கள் சென்னையில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். என் வீட்டுக்காரர் நெற்றியில் விபூதி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். பிள்ளைகள் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். அன்று இரண்டு பக்கமும் யார் முகமும் சரியில்லை. அதையெல்லாம் சரிபண்ணியது சம்பந்தி ஐயாதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையால் போட்ட திராட்சை வைனில் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். “குடிக்கவேணாம், வாசனை பாருங்க போதும்” என்று சொல்லி, எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போவார். இப்படி ஒரு மனிதரிடம் எத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருக்கமுடியும்?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவருக்குப் பாட்டில் கழுவ வராது. பழைய பாட்டிலில்தான் ஊற்றுவார். பிராந்தி லேபிள் பாதி கிழிந்தும் பாதி ஒட்டிக்கொண்டும் இருக்கும். கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கம்பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் அதை மஞ்சள் பையில் போட்டு அலமாரிக்குள் தள்ளுவேன்.

ஆடி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா எதிலும் ஒட்டவில்லை. வீட்டில் ஸ்டார் கட்டவேண்டாம், கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மகள் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேஜையில் இந்த வருஷமும் வைன் இருக்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதமே வந்துவிட்டது.

“நான் போடுறேன்டி,” என்றேன்.

மகள் பயந்தாள். “அத்தை மனசு நோகப்போவுதுமா. மாமா செய்யிறதை நீ செஞ்சா எப்படி எடுத்துக்குவாங்களோ.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் கருந்திராட்சை வாங்கிவந்தேன். மகள் சொன்னபடி சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை எல்லாம் சேர்த்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாய் கட்டினேன். தினமும் மரக்கரண்டியால் கிளறினேன். அந்த வேலை சுலபமாகத்தான் இருந்தது. பிராணனை வாங்கியது பாட்டில்தான்.

காயலான் கடையில் போய்க் காலி வைன் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எடுத்துக்கொடுத்தார். பின்கட்டில் வரிசையாக வைத்ததைப் பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். “இன்னாமா, உன் வூட்டுக்காரரு இந்த வயசுலயா ஆரம்பிச்சிக்கினாரு?” என்றாள். இவரோ மோரில் பெருங்காயம் தூக்கலாக இருந்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொள்கிற ஆள். “ஆமா, இனிமே உனக்கும் ஊத்திக் குடுக்கச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

லேபிள் எடுப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். கச்சாப் பட்டு நூலில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் பசை விட்டு நூல் பளபளவென்று வந்துவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. அதே மாதிரி அண்டாவில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, சோடாவைப் போட்டு, பாட்டிலை இறக்கினேன். டப்பென்று ஒரு சத்தம். அடிப்பாகம் தனியாகக் கழன்று அண்டாவுக்குள் போய்விட்டது.

“அது பட்டு இல்லம்மா, கண்ணாடி,” என்றார் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாதாம்.

அடுத்ததற்குப் பச்சைத் தண்ணீரிலேயே பாட்டிலைப் போட்டு மெல்லச் சூடேற்றினேன். காகித லேபிளெல்லாம் தோல் உரிகிற மாதிரி கழன்று மிதந்தது. அதன் அடியில் இருந்த பசைதான் போகவில்லை. மண்ணெண்ணெய் போடு என்றார் இவர். போட்டால் அந்த வாடை வைனில் ஏறாதா? தேங்காயெண்ணெயில் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். பசை உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. அதைப் பார்க்கும்போது அப்படி ஒரு திருப்தி. பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

விரலில் மிஞ்சிய பசையோடு தறியில் உட்கார்ந்ததுதான் வினை. நீளவாக்கில் கட்டியிருந்த அரக்கு நிறப் பாவில் கை வைத்ததும் இழைகள் விரலோடு வந்தன. ஒன்று அறுந்தே போனது. இவர் அதை முடிந்துகொண்டே, “ஊர்ல அவனவன் குடிச்சிட்டுத் தறியைக் கெடுக்கிறான். நீ குடிக்காமலே கெடுக்கிற,” என்றார். பிறகு என் கையை இழுத்து, தன் விபூதிப் பையிலிருந்து கொஞ்சம் எடுத்து விரல்களில் தேய்த்துவிட்டார். பிசுபிசுப்பு அடங்கியது.

ஒரே ஒரு பாட்டில் மட்டும் எதற்கும் மசியவில்லை. வெந்நீர், எண்ணெய், சோடா, மகள் விட்டுப்போன தலைமுடி உலர்த்துகிற மெஷின், எல்லாம் பார்த்தாயிற்று. லேபிளில் பாதி கிழிந்தது, மீதி கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டது. வைனை வடிகட்டி ஊற்றும்போது மற்ற பாட்டில்கள் எல்லாம் நிறைந்து இன்னும் கொஞ்சம் மிஞ்சியது. வேறு வழியில்லாமல் அதை இந்தச் சனியனில் ஊற்றி, பேப்பர் சுற்றி, பையின் அடியில் வைத்தேன். மகளிடம் கொடுத்தால் பிறகு எப்போதாவது கேக்குக்கு ஊற்றிக்கொள்வாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சென்னைக்குப் போனோம். சொன்ன மாதிரியே வாசலில் ஸ்டார் இல்லை. மேஜைமேல் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தேன். ஒரு கீறல், ஒரு பொட்டுப் பசை கிடையாது. எனக்கே பெருமையாக இருந்தது.

சம்பந்தியம்மா பார்த்தார். “கடையில வாங்கினீங்களா?” என்றார்.

“இல்ல சம்பந்திமா. நானே போட்டேன்.”

“அப்படியா,” என்றார். ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என்னைப் பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டோம், எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரருக்கு அந்த மாதிரி நேரத்தில் சும்மா இருக்க வராது. பையைத் துழாவி, “இதோ, இன்னொண்ணு இருக்குது,” என்று பேப்பரைப் பிரித்து அந்தச் சனியனையும் மேஜையில் வைத்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

“அதை விடுங்க சம்பந்திமா, அது சரியா வரல,” என்று எடுக்கப்போனேன். அதற்குள் சம்பந்தியம்மா அதைக் கையில் எடுத்துவிட்டார். கிழிந்த லேபிளின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார்.

“வருஷாவருஷம் இப்படித்தான் கொண்டாந்து வைப்பாரு. நான் சுரண்டிக்கினே திட்டுவேன். உள்ள இருக்கறதைத்தானே குடிக்கப்போற, வெளிய இன்னா பாக்கறன்னு கேப்பாரு.” சொன்னவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ஆடியிலிருந்து அத்தை அழவே இல்லை என்று மகள் பிறகு சொன்னாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை பரணிலிருந்து ஸ்டாரை இறக்கினார். சம்பந்தியம்மா அந்தப் பாட்டிலைத்தான் மேஜை நடுவில் வைத்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்து, “கிராம்பு ஜாஸ்தி,” என்றார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அடுத்த வருஷமும் போடுங்க சம்பந்திமா. ஆனா ஒண்ணே ஒண்ணைத் தேய்க்காம விட்டுடுங்க.”

சரி என்று தலையாட்டினேன். சும்மா விட எனக்குக் கை வருமா என்பதுதான் தெரியவில்லை.