நான் நிறுத்திய மணி

தொண்ணூறுகளில் களக்காடு பக்கம் ஒரு சிறிய தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தேன். எங்கள் இயந்திரத்தின் நேரம் திருநெல்வேலி நிலையத்தோடு ஒத்து ஓட வேண்டும். பிசகினால் வெளியூர் அழைப்புகள் அறுந்துவிடும். அதைக் கண்காணிக்கும் கார்டில், அதாவது மின்சுற்றுப் பலகையில், சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். உடனே திருநெல்வேலிக்குச் சொன்னால் மாற்றுக் கார்டோடு ஆள் வருவார்.

ஒரு வாரம் இரண்டு தடவை அப்படிச் சொன்னேன். இரண்டும் வீண் மணி. "ஏலே, ஒனக்கு வேற சோலி கெடையாதா?" என்று திருநெல்வேலி அதிகாரி சிரித்தார். அடுத்த வாரம் ஒரு காலை ஏழு மணிக்கு மறுபடி அடித்தபோது, கூச்சத்தில் பொத்தானை அமுக்கி மணியை மட்டும் நிறுத்தினேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பதினோரு மணிக்கு வெளியூர் லைன் எல்லாம் போயிற்று. எதிர் டெலிபோன் பூத்தில் அழைப்புக்குக் காத்திருந்த செல்லம்மாக்கா ஓடி வந்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவள் புருஷனுக்கு அன்று மதியம் ஆபரேஷன். பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் அவள் கூடப் போகவில்லை. உள்ளே போகுமுன் பேசுவதாக அவர் சொல்லியிருந்தார்.

"எப்பம் வரும் தம்பி?"

"இப்ப வந்துரும்க்கா."

சாயங்காலம்தான் வந்தது. அவளுக்கு வந்த முதல் அழைப்பு, அவர் பிழைக்கவில்லை என்பது.

காரியம் முடிந்தபின் ஒருநாள் அவளே சொன்னாள்: "மிசினு கெட்டா நீ என்ன செய்வ? வெசனப்படாத தம்பி."

நான் தலையாட்டினேன். ஒரு கேலிக்கு அவ்வளவு கூச்சப்பட்ட எனக்கு, அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளக் கூச்சம் வரவில்லையே!