நூலைத் தொடாதே

என் முதல் சிஷ்யன் என் புருஷன்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் ஊரில் அப்போது சிரிக்காதவர் யாருமில்லை, அதனால் எனக்கு அது பழகிவிட்டது.

நான் கொத்து வேலை செய்கிற பொம்பளை. கல் சுமக்கிற சித்தாள் இல்லை, கரண்டி பிடித்துச் சுவர் எழுப்புகிற மேஸ்திரி. எங்கள் நைனா, அதாவது அப்பா, திருப்பதியில் மேஸ்திரியாக இருந்தார். மலைக்கு வருகிற கூட்டம் பெருகப் பெருக, கீழே லாட்ஜுக்குப் பக்கத்தில் லாட்ஜாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நைனாவுக்கு வலது தோள் போனபோது, ஒத்துக்கொண்ட வேலையை விட மனசில்லாமல் அவர் கீழே நின்று கத்த, நான் மேலே நின்று கல் வைத்தேன். அப்படிப் பிடித்த கரண்டியைக் கல்யாணத்துக்குப் பிறகும் நான் விடவில்லை. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறுவேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

புருஷன் புத்தூர்ப் பக்கம் ஒரு பவர்லூம் கொட்டகையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். கொட்டகை முதலாளி ஒருநாள் தறிகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த நிலத்தை பிளாட் பிளாட்டாகப் பிரித்துக் கலர் கலராகக் கொடி நட்டார். துணி விற்பதைவிட மண் விற்பது லாபம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. இவர் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் வேலைக்குப் போகிற வயசு ஆம்பளையைப் பார்ப்பதே அபூர்வம். பெங்களூர், மெட்ராஸ், குவைத் என்று ஆளுக்கொரு திசை. ஞாயிற்றுக்கிழமையானால் எஸ்.டி.டி. பூத் வாசலில் பெண்டாட்டிமார் வரிசையில் நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணாடிக் கூண்டுக்குள் போய் "துன்னியா? துன்னியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். இவருடைய கூட்டாளி ஒருவன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து, "நீயும் வந்துடு மச்சான்" என்று சொல்லி அனுப்பினான். இவரும் ஒரு ஜிப் பையில் துணியை அடுக்கிவிட்டார்.

"எனக்கு டெலிபோன் புருஷன் வேணாம்யா" என்றேன்.

"இங்க இருந்து இன்னா பண்றது? உன் சம்பாத்தியத்துல குந்திக்கினு துன்றதா?"

"குந்திக்கினு துன்னாத. என்னாண்ட வேலைக்கு வா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொண்டாட்டிக்கு சித்தாளாவா? ஊரே வாயால சிரிக்காது."

எனக்கும் ஆள் வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கரண்டி பிடிக்கத் தெரிந்தவனெல்லாம் பெங்களூருக்கு ஓடிவிட்டான். மிச்சம் இருந்தவன் ஒரு பொம்பளைக்குக் கீழே வேலை செய்ய மாட்டேன் என்றான். வடமாலபேட்டையில் ஒரு வீட்டு வேலை கையில் இருந்தது. வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர், அவர் சம்சாரம்தான் இங்கே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வூடு முடியற வரைக்கும் வா. கிரகப்பிரவேசத்தன்னிக்கும் உனக்கு மனசு ஒட்டலன்னா, நானே பஸ் ஏத்தி வுடறேன்" என்றேன். மறுநாள் காலையில் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

முதலில் கலவை. பிறகு கல்லை நனைப்பது. காய்ந்த செங்கல்லை அப்படியே வைத்தால் கலவையில் இருக்கிற தண்ணீரையெல்லாம் அது குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. இதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கற்பூரம் போல் பிடித்துக்கொண்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முணுமுணுக்காமல் செய்தார். தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்து வந்தபோது, வேலையிலிருந்த இரண்டு சித்தாள் பெண்களும், "யக்கோவ், உன் வூட்டுக்காரருக்கு எங்களவிட சும்மாடு நல்லா குந்துது!" என்று கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. "வேலையப் பாருங்கடி, பல்லு சுளுக்கிக்கப் போவுது" என்று நான்தான் அதட்டினேன்.

பின்பக்கம் குளியலறைச் சுவருக்கு வந்தபோது கரண்டியைக் கையில் கொடுத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

செங்கல் சுவர் நேராக வருவதற்கு நூல்தான் கண். இரண்டு மூலையிலும் முதலில் கல் ஏற்றிவிட்டு, நடுவில் நூலை இழுத்துக் கட்டி, அதை ஒட்டினாற்போல் கல் வைத்துக்கொண்டே போகவேண்டும். ஒட்டினாற்போலத்தான், ஒட்டி அல்ல. கல்லுக்கும் நூலுக்கும் நடுவில் ஒரு தலைமுடி அளவு வெளிச்சம் தெரியவேண்டும். ஒரு கல் நூலைத் தள்ளினால், தள்ளிப்போன நூலைப் பார்த்து அடுத்த கல்லும் தள்ளிப்போகும். சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கும்.

இவருக்கோ நூலைப் பார்த்தால் கை நிற்காது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தறி ஓட்டியவர். தறியில் நூல் தொய்ந்திருக்கிறதா, அறுந்துவிடுமா என்பதை விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தொடாவிட்டால் அங்கே திட்டு விழும். இங்கே தொட்டால் திட்டு. ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு, குழந்தை கன்னத்தைத் தடவுகிறமாதிரி நூலை ஒரு தடவு தடவுவார். கல்லும் கூடவே நகர்ந்து போய் நூலோடு கொஞ்சும்.

"நூலைத் தொடாதய்யா!"

"தொடல."

"இப்பதான தொட்ட!"

"தொட்டனா?"

தொட்டது அவருக்கே தெரியவில்லை, அதுதான் கொடுமை. நான் முன்பக்கம் ஜன்னல் வேலையில் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் வந்து பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. அவர் பக்கத்தில் பெருமையாக நின்றார். ஓரமாக நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். சுவருக்கு நிறைமாசம். எட்டு வைத்து ஒரு உதை விட்டேன். ஈரச் சுவர், மேல் வரிகள் பொலபொலவென்று விழுந்தன.

வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அய்யோ, கோட எந்துகு படகொட்டாவம்மா?" என்று, சுவரை ஏன் இடித்தாய் என்று தெலுங்கில் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"உங்க வூட்டுக்காரர் பாலைவனத்துல வெந்து அனுப்பற துட்டும்மா. வயிறு தள்ளுன செவுரு வெக்க எனக்கு மனசு வர்ல" என்றேன்.

சித்தாள்கள் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. இவர் கரண்டியைக் கழுவி வைத்தார். கை கால் கழுவினார். திருப்பதி ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடவில்லை. கலவை காய்ந்துவிடும். விழுந்த கல்லையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்து, நானே திரும்ப வைத்தேன். வைக்கும்போது கண்ணிலிருந்து கொட்டியது, அதைத் துடைக்கக் கை காலியாக இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அந்த உதை சரியான உதை.

அன்று ராத்திரி அவர் வரவில்லை. பெங்களூருக்கே போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் படிக்கிற மகள், "நைனா எங்க?" என்றதற்கு, "உங்க நைனாவுக்கு ரோஷம் வந்துடுச்சி, அது எறங்கட்டும்" என்றேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்தார். முகமெல்லாம் தூசி. திண்டாடிப் போனவர் மாதிரி இல்லை, எதையோ கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"பெங்களூர் பஸ்ஸு புடிக்கத்தான் சித்தூரு வரைக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு கட்டடம் எழும்பிக்கினு கீது. சும்மா பாத்துக்கினு நின்னேன். ஒருத்தன் கல்லு வெக்கறான். அவன் கல்லும் நூல முட்டுது!"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, நட்ட நடுவுல செவுரு வயிறு தள்ளிக்கினு கீது. தூரத்துலேருந்தே எனக்குத் தெரியுதுடி. என் கண்ணுக்குத் தெரியுது!"

கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். 'நீ யாருய்யா, மேஸ்திரியா?'ன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பொண்டாட்டிகிட்ட வேல செய்யறன்னு சொல்ல வாய் வர்ல. வந்துட்டேன்." பிறகு, "வூடு முடியற வரைக்கும் வரேன். அப்புறம் பாக்கலாம்" என்றார். வீட்டில் அடுக்கி வைத்திருந்த ஜிப் பையை மட்டும் பிரிக்கவில்லை. அது அப்படியே மூலையில் கிடந்தது.

கண் வந்துவிட்டது, கை வரவில்லை. கைக்கு ஒரு வைத்தியம் செய்தேன். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கெட்டியாகக் கரைத்து நூல் முழுக்கத் தடவினேன். தொட்டால் விரலில் ஒட்டும், லேசில் போகாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மகள் வாசலிலேயே மறித்து நிற்பாள். "நைனா, கையக் காட்டு!" முதல் நாள் விரல் நுனியெல்லாம் மயில் கழுத்து நிறம். "ஃபெயிலு" என்று கத்திக்கொண்டு தெருவெல்லாம் ஓடினாள். அவளுக்குக் கிடைத்த சந்தோஷம்! பத்து வயசுக்காரி தன் அப்பனுக்குப் பரீட்சை வைக்கிறாள், கேட்க வேண்டுமா. நாளாக நாளாக நீலம் இரண்டு விரலுக்கு வந்தது. பிறகு ஒரு விரல். ஒருநாள் அவள் கேட்பதற்கு முன் அவரே கையை நீட்டினார். வெறும் சிமெண்டுக் கறைதான் இருந்தது. அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏமாந்த முகத்தோடு, "பாசு" என்றாள். அன்றைக்கு நான் கறி எடுத்துச் சமைத்தேன்.

மாடிப்படிக் கைப்பிடிச் சுவரை முழுக்க அவர்தான் கட்டினார். தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன், மட்டப்பலகையை வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. "ம்" என்றேன். எங்கள் நைனா எனக்குச் சொன்னதும் அவ்வளவுதான்.

கிரகப்பிரவேசம் வந்தது. அதற்கு முந்தின நாள், மூலையில் கிடந்த ஜிப் பையை அவர் தூசி தட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். வாக்கு கொடுத்தது நான்தானே, பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று. இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் அன்று விடியற்காலைதான் மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தார். எங்கள் யாரையும் அவர் பார்த்தது கிடையாது. பூஜை முடிந்ததும் வீடு கட்டிய மேஸ்திரிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டி துண்டும் வைத்துக் கொடுப்பது வழக்கம். சித்தாள்களுக்கு ரவிக்கைத் துணி. அவர் சம்சாரம் உள்ளே பால் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சட்டையில் நின்ற என் புருஷனிடம் நேராகப் போய், "மேஸ்திரிகாரு, ரண்டி" என்று தெலுங்கில் அழைத்துத் தட்டை நீட்டினார்.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆம்பளைகள் பத்துப் பேர் எதிரில் அவர் தலை குனியக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. 'வாங்கிக்க' என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். தட்டைத் தொடவில்லை.

"நேனு காதண்டி" என்றார். நான் இல்லீங்க என்று தலையையும் ஆட்டினார். "மேஸ்திரி அதோ நிக்கறாங்க. நான் அவுங்களாண்ட வேல கத்துக்கற ஆளு."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை "ஏய்", "இந்தா" என்று தவிர அவர் கூப்பிட்டது கிடையாது. நிக்கறாங்க! எனக்குக் காது அடைத்துவிட்டது.

வீட்டுக்காரர் தட்டோடு திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார். பொம்பளைக்கு எப்படி வேட்டி கொடுப்பது என்று பாவம், கை பாதியில் நின்றுவிட்டது.

"குடுங்க சார்" என்று நானே கையை நீட்டினேன். "வேட்டியா இருந்தா இன்னா? எங்க வூட்ல கட்டறதுக்கு ஆளு கீது."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஆள் கீது என்று நான் சொல்லிவிட்டேன், இருக்கிறேன் என்று அவர் அல்லவா சொல்லவேண்டும்?

வெளியே வந்தோம். வேட்டி என் கையில் இருந்தது. அவர் விரல்கள் தானாக அதன் ஓரத்துக்கு வந்தன, சட்டென்று பின்வாங்கின.

"தொடுய்யா" என்றேன்.

ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெள்ளத் தேய்த்துப் பார்த்தார். "நம்ம பக்கத்துத் தறிதான். நல்ல நூலு" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். பஸ் நிறுத்தத்தில் திருப்பதி பஸ் ஒன்று வந்து நின்றது, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திங்கக்கெழம புத்தூர்ல அஸ்திவாரம்னியே" என்றார். "நம்ம நூலு பிஞ்சி பிஞ்சி முடிச்சு முடிச்சாயிடுச்சி. புதுசு ஒண்ணு வாங்கணும்."