சொஜ்ஜியும் மைட்டோகாண்ட்ரியாவும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாடத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இந்த முறையும் அப்படிக் கேட்டால் இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என அம்மாவிடம் அறிவித்துவிட்டுத்தான் பட்டுப்புடவை கட்டினேன்.

மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. தரகர் கொடுத்த போட்டோவில் ஒல்லி. வந்தவரோ அந்த ஒல்லிக்குக் குண்டு அண்ணன் போல இருந்தார். உட்கார்ந்ததும் அவர் அம்மா, "ஏதாவது பாடும்மா" என்றார். கதை முடிந்தது என்று நினைத்தபடி சொஜ்ஜித் தட்டை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண் சொருக, மனிதர் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"நேத்துலேருந்து பட்டினிங்க! போட்டோல இருக்கற மாதிரி இளைச்சுட்டுத்தான் வருவேன்னு ஒரே அடம்" என்று அவர் அம்மா போட்டு உடைத்தார். அப்பா விசிறியைத் தேடினார், அம்மா விபூதியைத் தேடினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"முதல்ல இதை முழுங்குங்க!" என்று சொஜ்ஜியை ஸ்பூனில் அள்ளி நீட்டி அதட்டினேன்.

பயந்துபோய் முழுங்கினார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. "பயாலஜி டீச்சர்னு சொன்னாங்க. ஒரு டவுட்டுங்க" என்றார். "உடம்புல இவ்ளோ கொழுப்பு இருக்கு. அதை எரிச்சுக்காம ஏன் மயக்கம் வருது?"

அவ்வளவுதான். பட்டுப்புடவையை மறந்து தரையில் உட்கார்ந்தே பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் அடுப்பு. சர்க்கரை சுள்ளி மாதிரி, சட்டென்று பிடிக்கும். கொழுப்பு பெரிய கட்டை, மெதுவாகப் பிடித்து நெடுநேரம் எரியும். மூளை மட்டும் முதலில் சுள்ளிதான் வேண்டுமென்று அடம்பிடிக்கும்.

"அப்போ புரோட்டீன்?"

"அது வீட்டு ஜன்னல். பட்டினி போட்டா உடம்பு அதையும் பேத்து அடுப்புல வைக்கும்."

"ஜன்னலா!" என்று தன் புஜத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் அம்மா பாட்டை மறந்து, "எனக்கும் உள்ள அடுப்பு இருக்காம்மா?" என்றார்.

எனக்கு வெட்கமே வரவில்லை, சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அத்தனை மாப்பிள்ளைகளில் என்னிடம் சந்தேகம் கேட்ட முதல் ஆள் இவர்.

அப்பா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய், "என்னம்மா சொல்ற?" என்று கிசுகிசுத்தார்.

"பாதிதான் நடத்தியிருக்கேன்பா. மீதியைக் கல்யாணத்துக்கப்புறம் நடத்திக்கிறேன்" என்றேன்.