ஜெபல் அலி வழியாகப் பேசியது

வளைகுடா நாட்டில், சத்வாவில் என் மகன் வீட்டில் எனக்கு ஒரு சட்டம் போட்டார்கள். பேத்தியிடம் தமிழில் பேசக்கூடாது. போட்டது மருமகள். சொல்ல அனுப்பியது என் மகனை.

"பாப்பா ரெண்டு பாஷையையும் கலந்து பேசுதாம்மா. வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு மிஸ் சொல்லிட்டாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே."

"அதான்மா..." என்று இழுத்தான்.

புரிந்துவிட்டது. இருவரும் வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை விசா எடுத்து அழைத்திருந்தார்கள். கை வேண்டும், வாய் வேண்டாம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்த ஊரில் நான் ஊமை இல்லை. கீழே தையல்கடை பாகிஸ்தான்காரனை "பாய், ஜல்தி" என்று விரட்டித்தான் ஜாக்கெட் வாங்குவேன். மளிகைக்கடை மலையாளத்தான் என் தமிழுக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நான் பெற்றவன் வீட்டில்தான் என் பேச்சு ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும். கெஞ்சிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டினேன், தலை பின்னினேன், ஊட்டினேன். வாயைத் திறக்கவில்லை. "அத்தை நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாங்க" என்று மருமகள் தன் அம்மாவிடம் போனில் சொன்னாள். அடுப்படியில் நின்று கேட்டேன்.

கோடை லீவு வருவதற்குள் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது.

ஒரு நாள் மதியம், அவர்கள் இருவரும் டூட்டியில். தூங்கி எழுந்த பிள்ளை வீறிட்டு அழுதாள். உடம்பு அனலாகக் கொதித்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னதையே சொல்கிறாள். பல்லா, காதா, வயிறா? தொட்டுப் பார்க்க விடவில்லை. சட்டமாவது ஒன்றாவது என்று, "எங்கடி கண்ணு வலிக்குது?" என்றேன். தெருவில் போகிறவள் கேட்டதுபோல் பார்த்தாள்.

மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஊர்க்கோடியில், ஜெபல் அலித் துறைமுகக் கிடங்கில் லாரி இரைச்சலுக்கு நடுவே நின்றிருந்தான். போனைப் பிள்ளை வாயருகே பிடித்தேன். அவள் அவனிடம் சொன்னாள், அவன் என்னிடம் சொன்னான்.

"காதும்மா. இடது காது."

ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்த நாங்கள் இருவரும் ஜெபல் அலி வழியாகப் பேசிக்கொண்டோம்.

மகன் சொல்லி, மருமகள் வேலையிலிருந்து ஓடிவந்து பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனாள். திரும்பி வந்ததும், "நீங்களும் நாலு வார்த்தை இங்கிலீஷ் கத்துக்கலாம்ல அத்தை. போன்லயே சொல்லித் தர்றாங்க" என்றாள்.

"கத்துக்கிட்டு? தெரிஞ்ச பாஷையில பேசுனதே உனக்குப் பிடிக்கல."

"சரிம்மா, நாளையிலேர்ந்து தமிழ்லயே பேசு" என்றான் வேலை முடிந்து வந்த மகன்.

"அத உன் பொண்டாட்டியச் சொல்லச் சொல்லு."

அவள் மருந்து பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சொல்வதற்காக நான் காத்திருக்கவில்லை. மறுநாள் மருமகள் லீவு போட்டு உள்ளறையில் இருந்தாள். அங்கே கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். பிள்ளை தண்ணீரைக் காட்டினாள். தம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு, "என்ன வேணும்? வாயால கேளு" என்றேன்.

பிள்ளை என்னையே பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த என் போனை எடுத்து வந்து மடியில் வைத்து, "டாடி" என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். தம்ளரைக் கொடுக்கவில்லை.